கணக்கு மிஸ்

"அம்மா, நான் மிஸ்! நான்தான் மிஸ்!"

தொலைபேசி குசினி முழுக்கக் கேட்கும்படி கத்தியது. உதயகலாவின் இரண்டு கையிலும் உழுந்து மா. முழங்கையால் அமுக்கியதில் ஸ்பீக்கர் திறந்துவிட்டது அவருக்குத் தெரியாது. பின்னால் வாசலில் கணவர் இராசநாயகம் மண்வெட்டியும் கையுமாக வந்து நிற்பதும் தெரியாது.

"ஐயோ என்ரை குஞ்சு! உண்மையாவோ?"

"உண்மையா அம்மா. வடக்கு முழுக்க நான்தான். பேந்து எடுக்கிறன், படம் எடுக்கக் கூப்பிடுகினம். அப்பாக்கு..."

மா அப்பிய விரலால் உதயகலா எதையோ தட்ட, தொலைபேசி வாயை மூடியது. "சொல்லிப்போடாதேங்கோ" என்ற மிச்சம் வெளியில் வராதது நல்ல காலம். திரும்பினால் அந்த அப்பாவே நிற்கிறார்.

"என்னப்பா, பிள்ளை மிஸ்ஸா வந்திட்டாளோ?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் மிஸ் என்றால் ஒன்றுதான். குடையும் கைப்பையுமாகப் பள்ளிக்கூடம் போய்வருகிற ரீச்சர். பிள்ளைகளும் மிஸ் என்பார்கள், பிள்ளைகளின் தாய் தகப்பனும் மிஸ் என்பார்கள், ஓய்வு பெற்று இருபது வருடமானாலும் சந்தையில் மரக்கறிக்காரன் மிஸ் என்றுதான் கூப்பிடுவான். வேறு விதமான மிஸ் ஒருத்தி உலகத்தில் இருப்பது தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். இராசநாயகம் செய்தி முடிந்த கையோடு தொலைக்காட்சியை நிறுத்திவிடுகிறவர்.

அவர் உரும்பிராயில் வெங்காயம் போடுகிறவர். அதைவிடப் பெரிய உத்தியோகம், பிள்ளையார் கோயில் நிர்வாகசபைச் செயலாளர். 'அரைகுறை உடுப்புடன் உள்ளே வருதல் ஆகாது' என்று கோயில் வாசலில் தொங்குகிற பலகை அவர் தன் கையாலேயே எழுதியது. மகள் கீர்த்திகா பதினாறு வயதில் வாங்கிவந்த கையில்லாத சட்டையைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்து, கடைக்காரனுக்கும் அரை மணித்தியாலம் புத்தி சொல்லிவிட்டு வந்தவர். அப்படிப்பட்ட மனிதரிடம், உங்கள் மகள் வடமாகாண அழகுராணிப் போட்டியில் மேடையில் நடந்து, பதினெட்டுப் பேரில் முதலாவதாக வந்து 'மிஸ் வடக்கு' ஆகிவிட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? போட்டிக்குப் போகும்போதே "நேர்முகப் பரீட்சை" என்றுதான் தாயும் மகளும் சொல்லி வைத்திருந்தார்கள்.

உதயகலாவுக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையை விடாமல் செய்வது அவருடைய குணம்.

"ஓம்," என்றார். "மிஸ்ஸா வந்திட்டாள்."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"வடக்கு... வடக்கு முழுக்க."

"முழுக்கவோ?"

"எங்கை போடுறது எண்டு இனித்தான் சொல்லுவினமாம்."

"என்ன பாடம்?"

உதயகலாவின் கண் சுவரில் ஓடியது. அங்கே தொங்கியது கலண்டர். முழுக்க இலக்கம்.

"கணக்கு," என்றார்.

இராசநாயகம் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். "கணக்கு மிஸ்," என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கால் முகம் கழுவிக்கொண்டு கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார்.

பின்னேரம் கீர்த்திகா வந்து சேர்ந்தாள். கிரீடத்தைத் துவாயில் சுற்றி, அதற்கு மேல் இரண்டு கீரைப்பிடி வைத்துப் பையில் கொண்டுவந்திருந்தாள். தாய் சொன்னதைக் கேட்டதும் கீரையைக் கீழே போட்டுவிட்டாள்.

"கணக்கோ! அம்மா, ஓ.எல் சோதினையிலை எனக்குக் கணக்குக்கு என்ன வந்தது எண்டு மறந்து போனியளோ? சித்திரம் எண்டு சொல்லியிருக்கலாமே. மனையியல் எண்டாவது சொல்லியிருக்கலாமே."

"வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன். அப்பா நாளைக்கு மறந்திடுவார்."

"அப்பாவோ? போன வருசம் வெங்காயம் என்ன விலைக்குப் போனது எண்டு கிழமை கிழமையாச் சொல்லுவார்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். உதயகலா அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏ.எல் முடிவு வந்து, பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப்போனதிலிருந்து இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை வீட்டில் வாய்விட்டுச் சிரித்ததில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சாப்பிடுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். இப்போது குசினியில் நின்று சிரிக்கிறாள். இதற்காக இன்னும் நூறு பொய் சொல்ல வேண்டும் என்றாலும் சொல்லலாம் என்று தாய்க்குத் தோன்றியது. கொழும்பில் இறுதிப் போட்டி அடுத்த மாதக் கடைசியில். அதுவரைக்கும் இராசநாயகத்துக்கு விசயம் தெரியாமல் இருக்க வேண்டும். தெரிந்தால் மகளைப் படலை தாண்ட விடமாட்டார், பிள்ளை மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் படம் வந்தது. கிரீடம், தோளில் குறுக்கே பட்டி, கை அசைப்பு, எல்லாம் முழுசாக. இராசநாயகம் தேத்தண்ணியோடு பேப்பரை விரிக்க முன்னம் உதயகலா கத்தரிக்கோலால் அந்தப் படத்தை வெட்டி அரிசிவாளிக்குள் தாட்டுவிட்டார். படத்துக்குப் பின்பக்கம் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. பின்பக்கம் மரண அறிவித்தல். இராசநாயகம் பேப்பரில் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

"என்னப்பா, பேப்பருக்கு ஆர் யன்னல் வைச்சது?"

"அது... ஒரு அறிவித்தல். நான்தான் வெட்டி எடுத்தனான்."

"ஆர் செத்தது?"

"என்ரை பக்கம். உங்களுக்குத் தெரியாது."

"உம்மடை பக்கத்திலை எனக்குத் தெரியாத ஆள் ஆர் இருக்கு? பேரைச் சொல்லும்."

"வல்வெட்டித்துறை தம்பிஐயா மாமா."

சொன்ன பிறகுதான் யார் என்று உறைத்தது. சொந்தத் தாய்மாமன். செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? இராசநாயகம் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வெள்ளை வேட்டியை எடுத்தார்.

"நீர் வெளிக்கிடேல்லையோ?"

"எனக்குத் தலையிடி."

"மாமன் செத்துக் கிடக்கிறார். உமக்குத் தலையிடியோ?"

அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மோட்டார்சைக்கிளை உதைத்தார். உதயகலா சாமியறைக்குள் போய் நின்றார். என்ன கேட்டுக் கும்பிடுவது என்று விளங்கவில்லை. மாமா உயிரோடு இருக்கவேண்டும் என்றும் கேட்கமுடியாது, மற்றதையும் கேட்கமுடியாது.

மத்தியானம் இராசநாயகம் ஒரு பார்சலோடு திரும்பி வந்தார்.

"செத்தவீடு எப்பிடி?" என்று மெல்லக் கேட்டார் உதயகலா.

"நல்லாய் இருந்தது. படலையைத் திறந்து விட்டதே தம்பிஐயா மாமாதான். 'என்ன மருமோன், வெள்ளையும் சொள்ளையுமா இந்தப் பக்கம்?' எண்டு கேட்டார். உமக்கெண்டு பாரை மீன் தந்துவிட்டவர்."

"அப்ப... அது வேறை தம்பிஐயாவாக்கும்."

"அப்பிடித்தான் இருக்கவேணும்," என்றார் இராசநாயகம். மீனைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த மீன் குழம்பை உதயகலா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் அடுத்த கேள்வி வந்தது.

"நியமனக் கடிதம் எப்ப வரும்?"

"ரெண்டு மாசம் செல்லுமாம்."

"அதுவரைக்கும் பிள்ளை சும்மா இருந்தால் படிச்சதெல்லாம் கைவிட்டுப் போயிடும். இஞ்சையே படிப்பிச்சுப் பழகட்டும். நான் போய்ப் பிள்ளையளைச் சேர்த்துக்கொண்டு வாறன்."

"வேண்டாம், வேண்டாம். அவளுக்குக் களைப்பு."

"இருவத்திரெண்டு வயசிலை என்ன களைப்பு? ஊருக்கு ஒரு சேவையா இருக்கட்டும். ஒரு சதம் வாங்கக் கூடாது."

அன்று பின்னேரமே மோட்டார்சைக்கிளில் வீடு வீடாகப் போய்வந்தார். மறுநாள் நாலு பெட்டைப்பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த ஒழுங்கை ஜெயகௌரி தன் மகள் தர்சிகாவைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து விட்டாள். கிழமை முடிவில் பதினேழு பேர். அத்தனையும் பெட்டைகள்.

"பெடியள் ஒருத்தரையும் காணேல்லையே," என்றார் உதயகலா.

"அவங்கள் கொக்குவிலுக்குப் பெரிய ரியூசனுக்குப் போறாங்கள்," என்றார் இராசநாயகம்.

வகுப்பு நடந்தது பின்வளவில், வெங்காயம் தூக்கிக் கட்டி வைக்கிற கொட்டிலில். கணக்குப் படிக்க வந்த பிள்ளைகள் முதல் நாளே கண்ணீர் விட்டார்கள். அதில் பாதிதான் வெங்காயத்தால். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று கீர்த்திகா கரும்பலகையில் எழுத, தர்சிகா கையை உயர்த்தி, "மிஸ், கூட்டினால் குறையுமோ?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து கீர்த்திகா விடிய எழும்பி ஆறாம் ஆண்டுக் கணிதப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினாள். தான் பள்ளிக்கூடத்தில் விளங்காமலே தாண்டிவந்த இடங்களை எல்லாம் திரும்பிப் போய் விளங்கிக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குச் சொன்னாள். விளங்காமல் இருந்தவளுக்குத்தான் விளங்காதவர்களின் கஷ்டம் தெரியும். மூன்றாம் கிழமை ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் எண்பத்திரண்டு புள்ளி எடுத்துக்கொண்டு ஓடிவந்தபோது மிஸ்ஸும் அழுதாள், பிள்ளையும் அழுதது. அன்றைக்குக் கொட்டிலில் வெங்காயம் இல்லை.

கணக்கு வந்தது. ஆனால் நடை போகவில்லை. கொழும்புப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிற பிள்ளை அல்லவா, வகுப்பிலும் இடுப்பை நிமிர்த்தி, நாடியை உயர்த்தி, ஒரு கால் முன்னால் ஒரு கால் வைத்து நடப்பாள். பெட்டைகள் அதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். கரும்பலகைக்குக் கூப்பிட்டால் பாவாடையைச் சரிசெய்து, நடந்து வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, சிரித்துவிட்டுத்தான் விடையை எழுதுவது.

இராசநாயகம் கொட்டில் பக்கம் வந்து இதைப் பார்த்துவிட்டார்.

"என்னப்பா, உந்தப் பிள்ளை ஏன் பலகைக்கு முன்னாலை சுத்திறாள்?"

"அது கேத்திரகணிதம்," என்றார் உதயகலா. "வட்டம்."

"ஓகோ. எங்கடை காலத்திலை வட்டம் கீறக் கவராயம்தான் சுத்தினது."

இப்படி ஒரு வழியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், உதயகலா கிணற்றடியில் நின்ற ஒரு காலையில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் இராசநாயகம்.

"கொழும்பிலையிருந்து வசந்தினி எண்டு ஒரு அம்மா எடுத்தவ," என்றார், ஈரத்தலையோடு வந்த மனைவியிடம். "சனிக்கிழமை மிஸ்ஸைப் பார்க்க வருகினமாம். குடும்பப் பின்னணி பார்க்க வேணுமாம், செய்யிற சமூகசேவையும் பார்க்க வேணுமாம். அது ரெண்டும் சரியில்லாட்டி ஆளை எடுக்கமாட்டினமாம். கணக்குப் படிப்பிக்கிறதுக்கு ஏன் உதெல்லாம்?"

"அது கல்விக் கந்தோர். இப்ப புதுச் சட்டம்."

"கமெராவும் கொண்டு வருகினமாம்."

"இப்ப எல்லாம் கமெராவோடைதான் பார்க்கிறது."

"அப்ப சரி. பின்னணி பார்க்கிறதெண்டால் பின்பக்கத்தை முதலிலை துப்புரவாக்க வேணும்," என்று சொல்லி, இராசநாயகம் விளக்குமாற்றோடு பின்வளவுக்குப் போய்விட்டார்.

செய்தி கேட்டுக் கீர்த்திகா துள்ளினாள். "அம்மா, எனக்குச் சேவை இருக்கு! பதினேழு பேர்! பொய்யில்லை, உண்மையா இருக்கு!" பிறகு முகம் சுருங்கியது. "ஆனால் அப்பா நிண்டால்?"

"அப்பாவை நான் பார்க்கிறன்," என்றார் உதயகலா. இந்த வசனத்தை அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்பது கீர்த்திகாவுக்குத் தெரியும். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வெங்காயம் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகச் சொல்லிப் பார்த்தார். விலை விழுந்து கிடக்கு என்றார் இராசநாயகம். வல்வெட்டித்துறைக்கு ஒருக்கால் போய்வரச் சொல்லிப் பார்த்தார். "ஏன், இந்த முறை உண்மையாவே ஆரும் செத்திட்டினமோ?" என்று கேட்டார். உதயகலா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றம் கூட்டப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை படலையில் மாவிலைத் தோரணம், முற்றத்தில் நிறைகுடம். 'எங்கள் மிஸ்ஸைக் காண வரும் பெரியோரை வரவேற்கிறோம்' என்று இராசநாயகத்தின் கையெழுத்தில் ஒரு துணி. உதயகலா அதை மூன்று தரம் வாசித்தார். எந்த மிஸ்ஸுக்கும் பொருந்தும். பெருமூச்சு விட்டார்.

வான் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடியோடு போட்டி அமைப்பாளர் வசந்தினி இறங்கினாள், பின்னால் கமெராவோடு ஜெயசுதன். உதயகலா ஓடிப்போய்ப் படலையில் வைத்தே பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஒரு விசயம். எங்கடை இவருக்கு ரெண்டு நாளாக் காது அடைச்சுப்போய்க் கேளாது. அவரோடை கனக்கக் கதைச்சுக் களைக்காதேங்கோ."

"ஐயோ பாவம்," என்றாள் வசந்தினி.

உடனே திரும்பி உள்ளே ஓட்டம். "இஞ்சருங்கோ, அந்த அம்மாவுக்குத் தமிழ் மட்டுமட்டு. எதைக் கேட்டாலும் சிரிச்சால் காணும்."

"போனிலை வடிவாக் கதைச்சாவே?"

"போனிலை வரும். நேரிலை வராது."

வசந்தினி இரக்கமுள்ள பெண். காது கேளாத மனிதரை ஒதுக்கிவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, இராசநாயகத்தின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மூன்றாம் வளவுக்குக் கேட்கக் கத்தினாள்.

"ஐயா! மகள் மிஸ் ஆனதிலை உங்களுக்குச் சந்தோசமோ!"

இராசநாயகம் காதைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "ஏன் கத்திறா?"

"கொழும்பிலை வாகனச் சத்தம். கத்திப் பழகிப்போச்சு."

"ஓகோ," என்ற இராசநாயகம், வந்தவர்களுக்குச் சமமாகக் கத்துவதுதான் மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் குரலை எடுத்தார். "சந்தோசம் இல்லாமல்! எங்கடை பரம்பரையிலை முதல் மிஸ் இவதான்!"

"பதினெட்டுப் பேரோடை போட்டி போட்டவ ஐயா!"

"ஒரு இடத்துக்குப் பதினெட்டுப் பேரோ! கடுமைதான்!"

"மகளின்ரை நடைக்குத்தான் ஐயா எல்லாரும் கூடப் புள்ளி போட்டவை!"

உதயகலாவின் கையில் இருந்த பலகாரத் தட்டம் சரிந்தது. இரண்டு வாய்ப்பன் உருண்டு கதிரைக்குக் கீழே போனது.

"நடையோ?" என்றார் இராசநாயகம்.

"நடத்தை! நன்னடத்தை!" என்று இடையில் விழுந்தார் உதயகலா. இப்போது அவரும் கத்தினார். "மிஸ்மாருக்கு அதுதானே முதல்!"

"கொழும்பிலையும் வெண்டால் பட்டம் ஐயா! பெரிய பட்டம்!"

"பட்டதாரியாகவும் வரப்போறாளோ!" என்றார் இராசநாயகம், கண் கலங்க.

அடுத்த வளவில் நாய் குரைக்கத் தொடங்கியது. ஒழுங்கையில் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தி, இந்த வீட்டில் என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தார்கள். உதயகலா வசந்தினியைக் கையில் பிடித்து இழுக்காத குறையாகக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே பதினேழு பேரும் எழும்பி நின்று வணக்கம் சொன்னார்கள். கீர்த்திகா சாதாரணப் பருத்திச் சாறியில் வெண்கட்டித் தூளோடு நின்றாள். ஜெயசுதன் கமெராவைத் தூக்கினான்.

"மிஸ் எப்பிடிப் படிப்பிப்பா?" என்று வசந்தினி தர்சிகாவிடம் கேட்டாள்.

"வடிவாப் படிப்பிப்பா."

"அவ வடிவு எண்டு எங்களுக்குத் தெரியும். படிப்பிக்கிறாவோ எண்டுதான் பார்க்க வந்தனாங்கள்," என்று சிரித்த வசந்தினி, வெண்கட்டியை எடுத்து நாலில் மூன்றையும் ஐந்தில் இரண்டையும் கூட்டச் சொல்லிப் பலகையில் எழுதினாள். "மிஸ், விளங்கப்படுத்துங்கோ."

ஒரு மாதத்துக்கு முன்னம் என்றால் கீர்த்திகா ஒன்பதில் ஐந்து என்று எழுதியிருப்பாள். இப்போது வெண்கட்டியைக் கையில் வாங்கினாள். இருபதில் பதினைந்து, இருபதில் எட்டு என்று ஒவ்வொன்றாகப் பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். "ஒண்டும், பிறகு இருவதிலை மூண்டும்!" என்று பதினேழு பேரும் கத்தினார்கள். உதயகலா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் வாயில் வந்த ஒரு பொய் இப்படிக் கண்ணுக்கு முன்னால் உண்மையாகி நிற்பதைப் பார்க்க அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

வசந்தினி கண்ணாடியைக் கழற்றினாள். "அம்மா, மற்ற இடங்களிலை ஒரே ஒரு நாள் பத்துச் சாப்பாட்டுப் பார்சல் குடுத்துப் படம் எடுத்து வைச்சிருக்கினம். இஞ்சைதான் உண்மையான சேவை பார்க்கிறன். இனி ஒண்டே ஒண்டுதான். தகப்பன்ரை சம்மதக் கையெழுத்து. அது இல்லாட்டிக் கொழும்புக்கு எடுக்கேலாது."

கடிதத்தின் தலையில் 'அழகுராணி இறுதிப் போட்டி' என்று கொட்டை எழுத்து. இராசநாயகம் மின்சாரப் பட்டியலையே இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் மடிப்பவர். உதயகலா முதலில் போய் அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்தார். பிறகு கடிதத்தை மேசையில் வைத்து, தலைப்பின் மேல் வாய்ப்பன் தட்டத்தை வைத்தார்.

"இதிலை ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

இராசநாயகம் சட்டைப் பையைத் தடவினார். மேசையைத் தடவினார். "கண்ணாடியைக் காணேல்லை. என்ன எழுதிக் கிடக்கு?"

"கொழும்பிலை ஒரு... பயிற்சி."

"எத்தினை நாள்?"

"நாலு நாள். நானும் கூடப் போவன்."

அவர் தட்டத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கதவடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளையும் பார்த்தார்.

"பிள்ளைக்கு இது விருப்பமோ?"

"சரியான விருப்பம்."

"நீர் நல்லது எண்டுதானே சொல்லுறீர்?"

"ஓம்," என்றார் உதயகலா.

"அப்ப சரி," என்று இராசநாயகம் பேனையை எடுத்து, தட்டத்தை அசைக்காமல், வளைந்து நெளிந்த தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். ஒரு வாய்ப்பனையும் எடுத்துக் கடித்தார்.

வந்தவர்களை வழியனுப்ப அவர் படலைக்குப் போனார். கீர்த்திகா தாயைக் கட்டிப்பிடித்து ஒரு கொஞ்சல் கொஞ்சிவிட்டுக் கொட்டிலுக்கு ஓடினாள். உதயகலா கிணற்றடிக்குப் போய்த் துவைக்கிற கல்லில் இருந்து அழத் தொடங்கினார்.

வென்றாகிவிட்டது. பிறகேன் அழுகை என்று கேட்டால், அதுதான். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனிதர், வாசிக்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்து வைத்தது இதுதான் முதல்தரம். நீர் சொன்னால் சரி என்று வைத்தார். அந்த நம்பிக்கையை இப்படி ஏமாற்றிவிட்டேனே, நாளைக்கு உண்மை தெரிந்தால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று நினைக்க நினைக்க அழுகை கூடியது.

மகளைக் கூட்டிப்போக வந்த ஜெயகௌரி பதறிப்போனாள். "என்னக்கா? ஏன் அழுறியள்? வந்தவை வேண்டாம் எண்டிட்டினமோ?"

"இல்லையடி, சரி எண்டிட்டினம். ஜெயகௌரி, உனக்கு மட்டும் ஒரு உண்மை சொல்லுறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, முக்கியமா அண்ணைக்கு. என்ரை பிள்ளை கணக்கு மிஸ் இல்லை. அவள் மிஸ் வடக்கு. அழகுராணி. அந்த மனுசனை நான் ஒரு மாசமா ஏமாத்தி வைச்சிருக்கிறன்."

ஜெயகௌரி வாயைப் பொத்திக்கொண்டாள். அதிர்ச்சி என்றுதான் உதயகலா நினைத்தார். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"என்னடி சிரிக்கிறாய்? நான் செத்துக்கொண்டிருக்கிறன்."

ஜெயகௌரி படலைப் பக்கம் ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு, உதயகலாவின் காதோடு வந்து சொன்னாள்:

"அக்கா, 'வல்வெட்டித்துறையிலை மாமா வீட்டுப் பேப்பரிலை பார்த்தனான், என்ரை மோள் அழகுராணியா வந்திட்டாள், கொழும்புக்குப் போறதெண்டால் ஏதும் சேவை காட்ட வேணுமாம், உங்கடை பெட்டையளை அனுப்பி உதவி செய்யுங்கோ' எண்டு வீடு வீடா வந்து கேட்டதே அண்ணைதான், 'ஆனால் எனக்குத் தெரியும் எண்டு உதயாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, என்னட்டை ஒளிக்கிறதுக்கு அவ பாவம் எவ்வளவு பாடுபடுறா' எண்டு ஊர் முழுக்கச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனவர்!"